நோக்கத்துக்கு விலை போடுவது எப்படி? சிறுதொழில் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைச் சுவரில் ‘தரமே எங்கள் உயிர்’ என்றோ ‘மக்கள் சேவையே எங்கள் நோக்கம்’ என்றோ எழுதி மாட்டுவது சுலபம். அந்தப் பலகையைக் கழற்றி எதிர்க்கடையில் மாட்டினாலும் அப்படியே பொருந்தும் என்பதுதான் சிக்கல். வாடகை ஏறும்போதும், சமையல்காரர் சொல்லாமல் நின்றுவிடும்போதும், முந்நூறு பேருக்குக் கல்யாணச் சாப்பாடு கேட்டு ஒருவர் முன்பணத்தோடு வந்து நிற்கும்போதும் என்ன முடிவெடுப்பது என்று அந்தப் பலகை சொல்லாது.

தொழிலுக்கு நோக்கம் வேண்டும் என்று சொல்லாத பயிற்சி வகுப்பு இல்லை. அந்த நோக்கத்துக்கு மாதம் எத்தனை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும், அதை யார் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வகுப்பு அரிது. எங்களைக் கேட்டால், ஒரு நோக்கம் நிஜமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: போன மாதம் அதற்காக என்ன இழந்தீர்கள்? பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் அது வெறும் விளம்பர வாசகம். பதில் ‘எல்லாமே’ என்றால் ஆறு மாதத்தில் கடை மூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே உள்ளது.

விளக்கத்துக்கு ஒரே தொழிலைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சிறிய சமையற்கூடம். தேவை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியதில்லை. 2019 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் அதிகம். இங்கே வரும் விலைகளும் வாடகையும் கணக்குக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். துணிக்கடை, டியூஷன் நிலையம், பூக்கடை எதுவானாலும் முறை ஒன்றுதான்.

எது நோக்கம் ஆகாது

‘மூன்று வருடத்தில் ஐந்து கிளைகள்’ என்பது இலக்கு. ‘லாபத்தில் ஐந்து விழுக்காடு கோயிலுக்கு’ என்பது தருமம். நல்ல காரியம்தான், ஆனால் கடைக்குள் நடக்கும் எதையும் அது மாற்றாது. ‘நம்பிக்கையின் மறுபெயர்’ என்பது வாசகம். தொழில் யாருடைய எந்தக் குறையைத் தீர்க்க இருக்கிறது, அதற்காக எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதுதான் நோக்கம்.

இதில் பழைய சண்டை ஒன்று உண்டு. தொழிலின் நோக்கம் வாடிக்கையாளரை உருவாக்குவதே என்று பீட்டர் டிரக்கர் 1954-இல் எழுதினார். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதினார். நாலு பேர் வேலை செய்யும் கடையில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு இடமில்லை. லாபம் இல்லாவிட்டால் நோக்கம் அடுத்த மாத வாடகையோடு போய்விடும். லாபம் மட்டும்தான் என்றால், அதே சாப்பாட்டை ஐம்பது காசு குறைத்து விற்கும் அடுத்த கடைக்காரர் உங்களை முடித்துவிடுவார்.

முதல் படி: ஆளைப் பாருங்கள்

வாக்கியம் எழுத உட்காருவதற்கு முன்னால் பதினைந்து பேரிடமாவது பேசுங்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘ரொம்ப நல்ல ஐடியா’ என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம்கூட வாங்க மாட்டார்கள். அரசாங்க கிளினிக்கில் மருந்துக்கு வந்து நம்பர் எடுத்துக் காத்திருப்பவர்கள், கோயில் அன்னதானத்தில் சோறு கொஞ்சம் போதும் என்று கை காட்டுபவர்கள், மதியம் தனியாகச் சாப்பிடும் வயதானவர்கள்: இவர்கள்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

‘இப்படி ஒரு சாப்பாடு வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்கவே கூடாது. எல்லோரும் ஆமாம் என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள்: நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, யார் சமைத்தது, எவ்வளவு ஆச்சு, டாக்டர் சொன்னதில் எதைச் செய்ய முடியவில்லை, ஏன்?

இப்படிக் கேட்டால் எதிர்பாராத பதில்கள் வரும். சமையற்கூடம் தொடங்குபவர் பொதுவாக ருசியைப் பற்றிக் கவலைப்படுவார். பேசிப் பார்த்தால் பலருக்குப் பிரச்சினை நேரம் என்று தெரியவரும். இன்சுலின் போடுபவருக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். மதியம் பன்னிரண்டரைக்கு வர வேண்டிய பொட்டலம் ஒன்றே முக்காலுக்கு வந்தால், உள்ளே எவ்வளவு கீரை இருந்தும் பயனில்லை. ‘ஆரோக்கியமான உணவு’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

ஒரே குறையைக் குறைந்தது ஐந்து பேர் உங்கள் தூண்டுதல் இல்லாமல் சொன்ன பிறகு அடுத்த படிக்குப் போங்கள். ஆளுக்கொன்று சொன்னால் இன்னும் பத்துப் பேரிடம் பேச வேண்டும்.

இரண்டாம் படி: வாக்கியம்

நான்கு பகுதிகள் வேண்டும்: யாருக்கு, என்ன குறை, எப்படித் தீர்ப்போம், எதைச் செய்ய மாட்டோம். கடைசிப் பகுதியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். வாக்கியத்தில் உண்மையில் வேலை செய்வதே அதுதான்.

முதல் வரைவு வழக்கமாக இப்படி இருக்கும்: ‘மலேசியர்களுக்குத் தரமான, ஆரோக்கியமான உணவை மலிவு விலையில் வழங்குவது.’ இதில் யாரும் வெளியே நிற்கவில்லை, எதுவும் மறுக்கப்படவில்லை. தரமும் மலிவும் ஒரே வரியில் இருக்கின்றன. இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கும் என்று இல்லை.

தட்டித் திருத்திய பிறகு: ‘பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குள் சர்க்கரையோடு வாழ்பவர்களுக்கு, அளந்து கட்டிய நம் ஊர்ச் சாப்பாட்டை மதியம் பன்னிரண்டரைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்போம். அளவு தவறிய பொட்டலத்தை அனுப்ப மாட்டோம். நேரத்துக்குப் போக முடியாத இடத்துக்கு ஆர்டர் எடுக்க மாட்டோம்.’

அழகான வாக்கியம் இல்லை. பலகையில் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆனால் பங்சாரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கலாம், செராஸிலிருந்து வந்தால் எடுக்கக் கூடாது என்று போனை எடுக்கும் பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

வாக்கியத்தைச் சோதிக்க மூன்று வழிகள். எதிர்க்கடையில் மாட்டிப் பாருங்கள். பொருந்தினால் திருப்பி எழுதுங்கள். வேலையாளிடம் வாசித்துக் காட்டி, ‘இதன்படி நாளைக்கு எதை மாற்றுவே?’ என்று கேளுங்கள். விழித்தால் திருப்பி எழுதுங்கள். கடைசியாக, இந்த வாக்கியத்தால் நீங்கள் இழக்கப்போகும் ஒரு வாடிக்கையாளரின் முகம் நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

மற்ற தொழில்களில் மறுப்புப் பகுதி எப்படி இருக்கும்? டியூஷன் நிலையம் என்றால், ‘ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டோம்’. பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை என்றால், ‘நேற்றைய மல்லிகையை இன்றைய சரத்தில் கோக்க மாட்டோம்’. துணிக்கடை என்றால், ‘கலப்புத் துணியைப் பட்டு என்று சொல்லி விற்க மாட்டோம்’. ஒவ்வொன்றிலும் ஒரு வருமானம் கைவிடப்படுகிறது, கவனியுங்கள்.

மூன்றாம் படி: அளவுகோல்

‘அளந்து கட்டிய’ என்று எழுதியாயிற்று. எதை வைத்து அளப்பது? சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (மலாயில் ‘கால், கால், அரை’) என்று ஒரு தட்டு முறையைப் பரப்பி வருகிறது: தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுச்சத்து, கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம், மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இதையே எடுத்துக்கொண்டு கிராமாக மாற்றுங்கள். சோறு வெந்த எடையில் 120 கிராமுக்கு மேல் இல்லை, காய் இரண்டு வகை, எண்ணெய் பொட்டலத்துக்கு 10 மில்லி. இந்த அளவுகளை ஓர் உணவியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சமையற்கூடத்தில் அளவு தவறுவது கெட்ட எண்ணத்தால் அல்ல, கரண்டியால். பழைய கரண்டி உடைந்து புதியது வரும். அது சற்றே ஆழமாக இருக்கும். ஒரே வாரத்தில் 120 கிராம் 160 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. அதனால் சோற்றுக்கு ஒரே அளவுள்ள கரண்டி மூன்று வாங்கி, இரண்டை உள்ளே வைத்துவிடுங்கள். தினமும் பொட்டலம் கட்டி முடிந்ததும் கண்ணை மூடி ஐந்தை எடுத்து, சோற்றைத் தராசில் வையுங்கள். எண்ணெய்க்கு இதைவிட எளிய வழி உண்டு: 60 பொட்டலம் என்றால் காலையில் 600 மில்லியைத் தனிப் போத்தலில் ஊற்றி அடுப்பருகே வைத்துவிடுங்கள். பெரிய டின் அடுப்பருகே இருக்கக் கூடாது. போத்தல் தீர்ந்தால் அன்றைய எண்ணெய் தீர்ந்தது.

இன்னொரு விஷயம். வெல்லமும் கருப்பட்டியும் போட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். ஏறும். ‘சீனி இல்லை’ என்று எழுதிக் கருப்பட்டிப் பாயசம் அனுப்பும் கடை, வாடிக்கையாளரின் அறியாமையைப் பயன்படுத்திப் பிழைக்கிறது. கைக்குத்தல் அரிசியும் அப்படியே. வெள்ளை அரிசியைவிட மேல், ஆனால் இஷ்டத்துக்குப் போட்டால் பலனில்லை. அளவை மறைத்துப் பொருளின் பெயரை மட்டும் சொல்லும் விளம்பரம், நோக்கம் உள்ள கடைக்கு ஒத்துவராது.

நான்காம் படி: விலை போடுதல்

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்து பிரயோசனமில்லை.

முதலில் நோக்கம் இல்லாத சாதாரணச் சாப்பாட்டுக் கடையாக நினைத்துக் கணக்கு எழுதுங்கள். பொட்டலம் 11 வெள்ளி. பொருள் 4.20, டப்பா 0.60, அனுப்பும் செலவு 1.70, ஆக 6.50. ஒரு பொட்டலத்தில் கையில் நிற்பது 4.50.

மாத நிலைச் செலவு:
வாடகை 1,800
ஒரு வேலையாள் 1,955
எரிவாயு, மின்சாரம், தண்ணீர் 450
போன், இதர 150
உரிமம், கணக்கர் 100
உங்கள் சம்பளம் 2,500
மொத்தம் 6,955 வெள்ளி.

வேலையாள் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் சிறு கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதன்மேல் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. சொக்சோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து முப்பது வெள்ளிக்குச் சற்று மேல். ‘மக்களுக்காகத் தொழில் செய்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டு சேமநிதி கட்டாத கடைகள் நம்மிடையே உண்டு. தன் வேலையாளை மக்கள் கணக்கில் சேர்க்காத நோக்கம் அது.

உங்கள் சம்பளத்தையும் விடாமல் எழுதுங்கள். நோக்கமுள்ள தொழில்கள் படுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: உரிமையாளர் தன் உழைப்பை இலவசமாகப் போட்டு விலையைக் குறைத்து வைக்கிறார், ஒன்றரை வருடத்தில் களைத்துப்போகிறார், அப்போது விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் தாங்கமாட்டார்.

6,955-ஐ 4.50-ஆல் வகுத்தால் மாதம் 1,546 பொட்டலம். 24 வேலைநாள் என்றால் நாளுக்கு 65. இது அடிக்கணக்கு.

இப்போது நோக்கத்தை உள்ளே விடுங்கள். கைக்குத்தல் அரிசிக்குப் பொட்டலத்துக்கு 25 காசு கூடுதல். இரண்டாவது காய்க்கு 40 காசு. மொத்தம் 65 காசு. கையில் நிற்பது 3.85 ஆகக் குறையும். 6,955-ஐ 3.85-ஆல் வகுத்தால் 1,807. நாளுக்கு 76 பொட்டலம்.

ஆக, உங்கள் நோக்கத்தின் விலை நாளுக்குப் பதினொரு பொட்டலம். இந்த எண்ணை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். இதை ஈடுகட்ட வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணியும் உண்டு.

விலையை 11.65 ஆக்கலாம். நேர்மையான வழி; ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு மாதம் பதினைந்து வெள்ளிக்கு மேல் கூடும். அவர்தான் உங்கள் வாக்கியத்தின் முதல் ஆள்.

டப்பாவை நிறுத்தித் தூக்குச்சட்டிக்கு மாறலாம். சட்டி ஒன்று 35 வெள்ளி, ஆளுக்கு இரண்டு வேண்டும் (ஒன்று வீட்டில், ஒன்று கழுவலில்), ஆக 70. டப்பாச் செலவு 60 காசு மிச்சமாவதால் ஏறக்குறைய 117 சாப்பாட்டில், அதாவது ஐந்து மாதத்தில், போட்ட காசு திரும்பும். கழுவும் நேரத்தையும் சோப்பையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். திரும்பி வராத சட்டிதான் இந்தத் திட்டத்தை உடைக்கும். முன்பணம் வாங்காமல் ஒரு சட்டியைக்கூட வெளியே விடாதீர்கள்.

மூன்றாவது வழி, இரண்டு விலை. மாதம் முழுக்க 24 நாளுக்கு 264 வெள்ளி முன்பணம் கட்டுபவருக்குப் பொட்டலம் 11. அன்றைக்கு அன்று ஆர்டர் செய்யும் அலுவலகக்காரருக்கு 13.50. சாப்பாடு ஒன்றே. ஒருநாள் ஆர்டரில் கையில் நிற்பது 6.35. இப்படி இருபது பேர் கிடைத்தால் 127 வெள்ளி. நாள் நிலைச் செலவு 290. மீதி 163-ஐ 3.85-ஆல் வகுத்தால் 43 மாத வாடிக்கையாளர். மொத்தம் 63 பொட்டலம். நோக்கமே இல்லாத கடையின் 65-ஐவிடக் குறைவு.

இந்த மூன்றாவது வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பது வாக்கியம். கட்டணம் கட்டுபவர் தரும் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை. அங்கே உற்றுப் பார்க்க வேண்டியது கருணையைவிடக் கணக்கு. ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசை. ஒருவருக்கு முடியும்போது அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவரால் மட்டுமே முடிந்ததைத் தவிர மற்ற வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். இறக்குமதிக் கண்வில்லை விலை நோக்கத்துக்குக் குறுக்கே வந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்று தாங்களே வில்லை செய்யத் தொடங்கினார்கள். நோக்கத்தின் செலவு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் கை வைத்தார்கள். உங்கள் சமையற்கூடத்தில் அது அனுப்பும் செலவாக இருக்கலாம்; அப்படியானால் ஒரே அடுக்குமாடியில் பத்து வாடிக்கையாளர் பிடிப்பது, பத்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒவ்வொருவர் பிடிப்பதைவிட நோக்கத்துக்கு நல்லது.

ஐந்தாம் படி: பதிவும் சொல்லும்

சட்டப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும்; சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, கடைப் பெயரில் 60 வெள்ளி. உணவு வளாகத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் டைஃபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும். வளாக உரிமத்தையும் பெயர்ப்பலகை உரிமத்தையும் மாநகராட்சியிடம் வாங்க வேண்டும்: கோலாலம்பூரில் டி.பி.கே.எல்., பினாங்குத் தீவில் எம்.பி.பி.பி. பலகையில் தேசிய மொழிதான் பெரிதாக முன்னால் நிற்க வேண்டும். தமிழ் எழுத்தின் அளவை உரிமம் கிடைத்த பிறகு கூட்டி வம்பில் மாட்டாதீர்கள்.

நோக்கம் வைத்திருப்பவர்கள் அறியாமல் விழும் பள்ளம் இனிமேல்தான். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இருபது நோய்களைப் பட்டியல் போட்டு, அவற்றைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘சர்க்கரையைக் குறைக்கும் சாப்பாடு’ என்று ஃபேஸ்புக்கில் போட்டாலும், வாடிக்கையாளர் சொன்னதாக ‘இங்கே சாப்பிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று பகிர்ந்தாலும் சிக்கல். மாத்திரையை நிறுத்தியவருக்கு அது சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்: ‘சோறு 120 கிராம், காய் இரண்டு, எண்ணெய் 10 மில்லி, பன்னிரண்டரைக்குள்.’ சர்க்கரை உள்ளவருக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) தொடங்கினால் ஒன்று கவனிக்க வேண்டும். 2016 நிறுவனச் சட்டத்தின்படி நிறுவனத்துக்கு அமைப்புவிதி கட்டாயமில்லை. அதனால் நோக்கம் எந்தத் தாளிலும் ஏறாமலே போகலாம். அமைப்புவிதி ஒன்றை ஏற்று அதில் எழுதினால், பிறகு மாற்ற 75 விழுக்காட்டு வாக்கோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும். மைத்துனரோடு கூட்டுச் சேரும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். மைத்துனர் என்பதால்தான் வேண்டும்.

இடத்தோடு ஒட்டிய நோக்கமானால் வாடகை ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிந்தபோது ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் வாடகை ஏறிப் பழைய வியாபாரிகள் பலர் கிளம்ப வேண்டியதாயிற்று. மூன்று வருடம் வரையிலான வாடகையைப் பதிவில்லாமல் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிய வேண்டும். குறைந்தது மூன்று வருடமும், அடுத்த மூன்றுக்கு ஏற்றத்தின் உச்சவரம்பும் எழுதி வாங்குங்கள்.

இந்தியத் தொழில்முனைவோருக்கு டெக்குன் நேஷனல் தரும் ஸ்புமி, இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியார் தரும் ‘பெண்’ திட்டம் போன்ற கடன்களுக்குப் போகும்போது வாக்கியத்தை மட்டும் நீட்டாதீர்கள். நான்காம் படிக் கணக்கைக் காட்டுங்கள். அதிகாரி பார்க்க விரும்புவது தவணை எங்கிருந்து வரும் என்பதை.

ஆறாம் படி: வேலைக்கு ஆள்

நேர்காணலில் ‘எங்கள் நோக்கம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் வேலை தேடுபவர் பிடிக்கவில்லை என்றா சொல்வார்? ஒரு நிலைமையைக் கொடுங்கள். நேரில் வந்து வாங்கும் வயதான ஒருவர் கேட்கிறார்:

‘தங்கச்சி, சோறு இன்னும் ஒரு கரண்டி போடும்மா. காசு கூட தர்றேன்.’

என்ன செய்வீர்கள்? ‘போட்டுவிடுவேன், கஸ்டமராச்சே’ என்பவர் வேறு கடைக்கு நல்ல ஆள். ‘முடியாது’ என்று முகத்தில் அடிப்பவரும் வேண்டாம். ‘ஐயா, சோறு இவ்வளவுதான். கீரை இன்னொரு கரண்டி வைக்கிறேன், காசு வேணாம்’ என்று சொல்லத் தெரிந்தவரைப் பிடித்து வையுங்கள். அந்தக் கூடுதல் கீரைக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதும் நிலைச் செலவில் ஒரு வரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அவரைத்தான் திட்டுவீர்கள்.

வேலையாளுக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கள்: அளவு தவறிய பொட்டலத்தை உங்களைக் கேட்காமல் நிறுத்தலாம். முதலாளி அவசரத்தில் ‘பரவாயில்லை, அனுப்பு’ என்று சொல்லும் முதல் நாளில் நோக்கம் முடிந்துவிடும். அதற்கப்புறம் தராசு அடுப்படியில் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள்.

ஏழாம் படி: வாரத்துக்கு மூன்று எண்

சனிக்கிழமை கடை அடைத்ததும் கால் மணி நேரம். எடை பார்த்த முப்பது பொட்டலத்தில் எத்தனை சரி? பன்னிரண்டரைக்குள் எத்தனை சேர்ந்தது? நான்கு வாரத்துக்கு முன் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கையில் நிற்கும் காசு தனிக்கணக்கு. அது எப்படியும் பார்ப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணைத் தனியாக எழுதுங்கள். தொழுகை நேரத்தில் சாலையோரம் நிறையும், மோட்டார் சைக்கிள்கூட நுழையாது. அன்று மட்டும் அரை மணி முன்னால் அனுப்பினால் தீரும் பிரச்சினையை ‘டெலிவரி மோசம்’ என்று பொதுவாக எழுதி வைத்தால் தீர்க்க முடியாது.

போனவர்களை அழைத்து ஏன் என்று கேளுங்கள். ருசி, விலை, நேரம், ஊருக்குப் போயிட்டேன், டாக்டர் வேறு சொன்னார் என்று ஐந்து கட்டம் போட்டுக் கோடு இழுங்கள். ‘ருசி’ நிறைந்தால் உப்பையும் எண்ணெயையும் ஏற்றத் தோன்றும். அதற்கு முன் புளி, மிளகு, கறிவேப்பிலை, வறுத்துப் பொடித்த மசாலா ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள்.

சோதனைகள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பலகார ஆர்டர் வரும். ஒரே மாதத்தில் மூன்று மாத வருமானம் கிடைக்கலாம். எடுப்பதா? சர்க்கரை உள்ளவருக்காகக் கடை நடத்திக்கொண்டு லட்டு விற்பதா? எங்கள் அபிப்பிராயம்: லட்டு வேண்டாம்; முறுக்கு, ஓமப்பொடி எடுக்கலாம் என்று சொல்பவர்களோடும் எங்களுக்குச் சம்மதமில்லை, பொரித்த மாவும் மாவுதான். இதை அக்டோபரில் முடிவு செய்தால் காசு ஜெயிக்கும். அதனால் ஜனவரியிலேயே, ஆர்டர் ஏதும் கையில் இல்லாதபோது, எதை எடுப்போம், எதை எடுக்கமாட்டோம் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கல்யாண ஆர்டருக்கு விதி இன்னும் எளிது. அன்றைய 63 பொட்டலம் பன்னிரண்டரைக்குள் போகும் என்றால் எடுக்கலாம். அதே அடுப்பு, அதே ஆள் என்றால் எடுக்கக் கூடாது. மறுக்கும்போது வேறு நல்ல சமையல்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பத்துமலைப் பக்கம் ஒருவர், கிள்ளான் பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அவர்களும் சர்க்கரைக்காரர்களை உங்களிடம் அனுப்புவார்கள்.

கடினமானது காசு இல்லாத மாதம். மூன்று மாதத் தொடர் நட்டம் வந்தால் அரிசியை மாற்றுவதா என்ற பேச்சு வீட்டில் எழும். அப்போது தொட வேண்டிய வரிசை இது: முதலில் தூரம், அதாவது நான்கு கிலோமீட்டரை மூன்றாக்குவது, அடுத்து பட்டியலில் உள்ள வகைகளைக் குறைப்பது, பிறகு ஒருநாள் விலையை ஏற்றுவது, அதற்கும் பிறகு மாத விலை. அரிசியும் காயும் நேரமும் கடைசி. அவற்றைத் தொட வேண்டிய நிலை வந்தால், அமைதியாகக் குறைக்காமல் வாடிக்கையாளருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதிச் சொல்லுங்கள். ஒரு காய் குறைகிறது, இத்தனை வாரத்துக்கு, இந்தக் காரணத்துக்கு.

எப்போது வாக்கியத்தை மாற்றலாம்

வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நெருக்கடி மாதத்தில் மட்டும் எடுக்காதீர்கள். மாற்ற நல்ல காரணங்கள் இரண்டுதான். நீங்கள் தீர்க்க வந்த குறையை வேறு யாரோ இன்னும் நன்றாகத் தீர்த்துவிட்டார்கள்; அல்லது வாங்குபவர்கள் நீங்கள் நினைத்தவர்கள் இல்லை. மாத வாடிக்கையாளர் பட்டியலில் பாதிப் பேருக்குச் சர்க்கரையே இல்லை, பிரசவித்த பெண்களும் தனியாக வாழும் முதியவர்களும்தான் என்று தெரியவந்தால், மறுபடி பதினைந்து பேரிடம் பேசி முதல் படியிலிருந்து வாருங்கள். ‘போட்டி அதிகமாகிவிட்டது’ என்பது காரணமாகாது. அது நான்காம் படிக்குத் திரும்பச் சொல்லும் அறிகுறி.

புது வாக்கியத்தோடு புது விலைக்கணக்கும் சேர்ந்தே வர வேண்டும். தொழிலின் தன்மையோ பெயரோ மாறினால் 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் தெரிவியுங்கள், பெயர் மாறினால் பலகை உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். பழைய வாக்கியத்தைத் தேதி போட்டு அதே கோப்பில் வையுங்கள். மாத முன்பணம் கட்டியவர்கள் பழைய வாக்கியத்தை நம்பிக் கட்டியவர்கள். அவர்களின் மீதி நாட்களைப் பழைய அளவிலேயே முடித்துக் கொடுங்கள், வேண்டாம் என்பவருக்கு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.